பழனாத்தாளின் சம்பள விசாரணை

“ஏனுங் தம்பி, கண்ணாலம் ஆயிருச்சுங்களா?”

கேட்டுக்கொண்டே பழனாத்தாள் அந்த இளைஞனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனைத் தாழ்வாரம். இளைஞனின் மடியில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி திறந்து கிடந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘சுதீப், பயோமெடிக்கல் இன்ஜினியர்’ என்று இருந்தது. பழனாத்தாளுக்கு ஒரு நோவும் கிடையாது. தலைசுற்றல் என்று சொல்லி ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள்.

சுதீப் வெட்கப்பட்டு, இல்லை என்றான்.

“என்ற ஊட்லயும் ஒரு புள்ள இருக்குதுங்க. சம்பளமெல்லாம் எப்படிங்க?”

சுதீப் நிமிர்ந்து உட்கார்ந்தான். “நாப்பதாயிரம் கிட்டக்க வரும்மா.”

அடேயப்பா என்று வாயில் கை வைத்தாள். மாடு, மழை, தீவன விலை என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தம்பி, ஒரு அம்பதாயிரம் கைமாத்தாக் கெடைக்குங்களா? அடுத்த மாசமே குடுத்தர்றேன்.”

“ஐயோ! கையிலே வரதே பதினெட்டுதாம்மா. படிச்ச லோன் போனா பெட்ரோலுக்கே திண்டாட்டம்.”

இதுதான் அவள் முறை. பெண் தருகிறேன் என்றால் கூட்டிச் சொல்கிறார்கள். கடன் கேட்டால் குறைத்துச் சொல்கிறார்கள். “ரெண்டுக்கும் நடுவால எங்கியோ நெசம் கெடக்குமுங்க” என்பாள். சுதீப்பின் முகத்தைப் பார்த்ததும் அவன் விஷயத்தில் நடுவுக்குப் போக வேண்டியதில்லை, பதினெட்டுதான் நிஜம் என்று தோன்றிவிட்டது.

பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரத்தில் அவளுக்குச் சில கறவை மாடுகளும் ஒரு தென்னந்தோப்பும் உண்டு. ஒரே மகள் செல்வப்பிரியா. கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஐசியூவில் கிடந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்து அழுதார்கள். மகள் மட்டும் தலைமாட்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்பன் கெடக்கறான், இவ டிவி பாக்கறாளேன்னு நெனச்சனுங்க” என்பாள் பழனாத்தாள். அப்பா தேறி வந்து தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கிவிட்டார். மகளின் கண்ணிலிருந்து அந்த மானிட்டர் போகவில்லை. பிளஸ் டூ முடிந்ததும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்தான் என்று நின்றாள்.

மோப்பம் பிடித்ததுபோல ஒரு தனியார் கல்லூரி ஏஜென்ட் வந்தார். பன்னிரண்டு லட்சம் கடன், தோப்புப் பத்திரம் பேங்குக்கு. படித்து முடித்ததும் மாதம் அறுபதாயிரம் சம்பளம் என்றார். பழனாத்தாள் அவருக்குக் காப்பி கொடுத்தாள்.

“உங்க பையனும் அங்கதான் படிக்கறானுங்களா?”

“இல்லீங்க, அவன் பி.காம்.”

“செரி, காப்பி ஆறுது. குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க.”

இந்தப் படிப்புக்கு நிஜமாகவே என்ன சம்பளம் என்று பார்க்க, அதற்குப் பிறகுதான் இந்த ஆஸ்பத்திரிச் சுற்று. பொள்ளாச்சியில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. டயாலிசிஸ் எந்திரத்தைச் சரிபார்க்கக் கம்பெனியிலிருந்து வந்திருந்தவள் நிமி என்ற இளம்பெண். பழனாத்தாள் அசரவில்லை; இல்லாத மகன் ஒருவனைப் பெற்றுக்கொண்டாள்.

“எனக்கொரு பையன் இருக்கறானுங்க அம்மிணி. உங்களுக்குச் சம்பளம்...”

“மொதல்ல உங்க பையனுக்கு எவ்வளவு சம்பளம், அதச் சொல்லுங்கம்மா” என்றாள் நிமி.

மகனைப் பெற்ற பழனாத்தாள் அவனுக்குச் சம்பளம் யோசித்து வைத்திருக்கவில்லை. இவள் யாரோ நான் யாரோ என்று தூணுக்குப் பின்னால் நின்றிருந்த செல்வப்பிரியா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். வெளியே வந்து உண்மையைச் சொன்னாள். “பையனே இல்லீங்கக்கா. படிக்கப் போறது நான்தான்.”

நிமியும் சிரித்தாள். அவளுக்குச் சாந்தன்பாறைப் பக்கம் ஊர். “மொத வேல ஆஸ்பத்திரியில. பதினாறாயிரம். அதுல பதினொண்ணு லோனுக்கே போயிரும். எங்கம்மா ஊர்ல இருந்து அரிசி குடுத்து விட்டாங்க. மூணு வருசம் அப்படித்தான். இப்ப கம்பெனியில நாப்பத்தஞ்சு வருது. போன் வந்தா எந்த ஊருக்குன்னாலும் கெளம்பிறணும்.”

“அழுதிருக்கீங்களாக்கா?”

“தவணை கட்டுற அன்னைக்கு மட்டும். மறுபடி படிக்கச் சொன்னாலும் இதத்தான் படிப்பேன். கடன மட்டும் பாதியாக்கிக்கிருவேன்.”

பழக்க தோஷத்தில் பழனாத்தாள் கைமாற்றுக்கு வாயெடுத்தாள். மகள் இடுப்பில் கிள்ளினாள்.

திரும்பும் பேருந்தில் தீர்ப்பு வந்தது. “சர்க்கார் காலேஜ் கெடைச்சாப் போ. தோப்ப வெக்க மாட்டேன். கெடைக்கலீன்னா பி.எஸ்ஸி.” செல்வப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல நாள் அம்மாவிடம் முறுக்கிக்கொண்டு திரிந்தாள். அம்மா சாணி அள்ளும் சத்தத்துக்கு எழுந்து நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். தெற்கே, ரயிலில் ஒரு பகல் போகும் தூரத்தில் அரசுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. மாட்டுக்குச் சோளத் தட்டைக் கட்டைச் சுமந்து வந்த பழனாத்தாள் சேதியைக் கேட்டு அதை அப்படியே வாசலில் போட்டாள். மாடுகள் பிரித்துத் தின்றதை அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை.

ஆனாலும் ஹாஸ்டலுக்கும் கட்டணத்துக்கும் மூன்று லட்சம் வேண்டியிருந்தது. ஈடு கேட்காத கடன். பேங்கில் அம்மா முதலில் கையெழுத்துப் போட்டாள். மகளின் முறை வந்தபோது பேனா தாளுக்கு மேலே நின்றுவிட்டது. தொகை எழுதியிருந்த இடத்தையே செல்வப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காத்துல பறக்குது பாரு” என்றாள் பழனாத்தாள். மின்விசிறி ஓடவில்லை. வெடிப்பு விழுந்த உள்ளங்கையைத் தொகையின் மேல் அகலமாகப் பரப்பி, தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “நீ போடு கண்ணு.”