குலசாமி பெயரை எடுத்த நாள்

சிவகாசியில் காலண்டர் அச்சிடும் கம்பெனி ஒன்றுக்கு அப்போது நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். அச்சகத்தைத் தம்பியும், விருதுநகர் விற்பனை அலுவலகத்தை அண்ணனும் கவனித்தார்கள். ஏஜெண்டுகள் இணையத்தில் ஆர்டர் கொடுக்கத் தொடங்கிய சமயம்.

ஏஜெண்டின் கடவுச்சொல்லைச் சரிபார்த்து விருதுநகர் கணினி, நுழைவுச்சீட்டு போல ஒரு டோக்கன் தரும். அவருடைய பெயரும் டோக்கன் காலாவதியாகும் நேரமும் அதில் யாரும் படிக்கும்படியே இருக்கும். கூடவே ஒரு கையொப்பம். அந்த விவரங்களோடு ஒரு ரகசியச் சொல்லைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பெற்றது அந்தக் கையொப்பம். அதே சொல் சிவகாசிக் கணினியிலும் உண்டு. அந்தக் கணினி தானும் கணக்கிட்டுப் பார்த்து, இரண்டு கையொப்பமும் ஒத்துப்போனால் விலைப்பட்டியலைத் திறக்கும். டோக்கனில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் ஒத்துப்போகாது. ஆனால் சொல் தெரிந்தவர் எவர் பெயரிலும் டோக்கன் செய்துகொள்ளலாம்.

நீளமான, பொருளற்ற சொல் வேண்டும் என்றேன். அண்ணன் சிரித்தார்.

“எங்க குலசாமி பேரைப் போடுங்க. உங்க கம்ப்யூட்டர் மறந்தாலும் நாங்க மறக்க மாட்டோம்.”

பிறகு பாகம் பிரிந்தது. அச்சகம் தம்பிக்கு வந்தது. விற்பனை அலுவலகத்தைப் பெற்ற அண்ணன், சிவகாசியில் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே வேறு அச்சகம் தொடங்கினார். தம்பியிடம் தொடர்ந்த நான், ஏஜெண்டுகளுக்கு டோக்கன் தரும் வேலையையும் சிவகாசிக் கணினிக்கே மாற்றினேன். ரகசியச் சொல்லை மட்டும் மாற்றவில்லை, தம்பி விடவில்லை.

“சாமி பேரையா எடுக்கச் சொல்றீக?”

“அண்ணாச்சிக்கும் அது தெரியுமே, முதலாளி. நம்ம விலை அம்புட்டையும் பார்க்கலாம்.”

“எங்கண்ணன் பார்க்க மாட்டாரு.”

ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளியாகும். அதோடு புது விலையும் கணினியில் ஏறும். அதற்கு முந்தைய நாள் காலையில் வந்த தம்பி, என் முகத்தைப் பார்க்காமல், “மாத்திருங்க” என்றார்.

மாற்றினேன். பழைய சொல்லால் ஒரு டோக்கன் செய்து பார்த்தேன், கணினி மறுத்தது. மதியம் தொலைபேசி அடித்தது, தம்பி எடுத்தார். அண்ணனின் குரல் எனக்கும் கேட்டது.

“ஏலே, உள்ள விட மாட்டேங்குது. சாமி பேரை எடுத்துட்டியா?”

அண்ணன் எங்கள் விலையைப் பார்த்துவந்திருக்கிறார் என்பது எனக்கும் தம்பிக்கும் புரிந்துவிட்டது.

“ஆமாண்ணே.”

“சரி. சிவராத்திரிக்குக் கோயிலுக்காவது வருவேல்ல?”

“வர்றேண்ணே.”

தம்பி ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இப்ப என்ன போட்டிருக்கீக?”

“அர்த்தமில்லாத எழுத்துக, முதலாளி.”

“அதுவே இருக்கட்டும்” என்றார்.