ராஜாவிடம் டிக்கெட் கேட்டவர்

எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டெனோவாக இருந்தபோது, அங்கே ஆலோசகராக வந்திருந்த வயதான ஜெர்மன் பொறியாளர் சனிக்கிழமை மதியங்களில் தன் வீட்டுக்கு வந்து டைப் அடித்துத் தரக் கேட்டார். தன் அப்பாவின் கதையாம். லண்டனில் வளரும் பேத்திகளுக்கு ஜெர்மன் தெரியாது, அதனால் ஆங்கிலத்தில் சொல்லுவார்.

அப்பா பிரபு வம்சத்தவர். ஒரு சின்ன சமஸ்தானத்து அரண்மனையில், விருந்தில் யார் எங்கே உட்காருவது என்று தீர்மானிக்கும் அதிகாரி. முதல் உலகப் போர் முடிந்ததும் ராஜா மணிமுடியை இழந்து ஊரைவிட்டே போனார். அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. வீட்டு வெள்ளிச் சாமான்களை விற்றுச் சாப்பிட்டார்கள். கடைசியில் அதே ஊர் ரயில் நிலைய வாசலில், இறங்கி வரும் பயணிகளிடம் டிக்கெட் வாங்கிச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது.

சில வருடம் கழித்து ஒருநாள் பழைய ராஜாவே ரயிலிலிருந்து இறங்கி வந்தாராம்.

"இன்னாம்மா சொல்றாரு தொர?" என்று கேட்டபடி சமையல்கார அம்மா காபியோடு வந்தார். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். விஷயத்தைச் சொன்னேன்.

"ராசாவாண்டயே டிக்கெட் கேட்டாரா?"

"முதல்ல டிக்கெட்டு. வாங்கிப் பார்த்துட்டு, அப்புறம்தான் குனிஞ்சு வணங்கினாராம்."

"கரீட்டு. அவரு வேலைய அவரு பாத்தாரு."

இதை ஆங்கிலத்தில் சொன்னதும் பொறியாளர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது.

"அப்போது நான் சிறுவன். ஸ்டேஷன் வழியாகப் போனால் என் பள்ளிக்கூடம் பக்கம். அப்பாவை அந்த ரயில்வே சீருடையில் பார்க்க வெட்கப்பட்டு நான் தினமும் சுற்றிக்கொண்டு போவேன். இதை எழுத வேண்டாம்."

நான் எழுதவில்லை. அடித்து முடித்ததன் நகல் ஒன்றை ஜெர்மனியில் சொந்த ஊரிலிருந்த தன் அக்காவுக்கும் அனுப்பினார். அடுத்த மாதம் பதில் வந்தது. அவரே எனக்கு வாசித்து அர்த்தம் சொன்னார்.

"ஒன்றை விட்டுவிட்டாய், தம்பி. நீ சுற்றிப் போனது அப்பாவுக்குத் தெரியும். மழை பெய்தால் பிள்ளை நனைவானே என்று அம்மாவிடம் புலம்புவார். ஆனால் உன்னிடம் அதைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருடைய அப்பா இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"புதுத் தாள் போடு. நான் சுற்றிப் போனதையும் எழுத வேண்டும்" என்றார்.

போட்டேன். முதல் வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அரைப் பக்கம்கூட முடியவில்லை.