மூன்று நாளில் வந்த ழ

எங்கள் மாதா கோயில் பாட்டுக் குழுவில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. ஹார்மோனியத்துக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி. அங்கே நின்றால் பீடமும் தெரியும், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குள் நுழைகிற வண்டியும் தெரியும். பூசை லத்தீனில் நடந்த காலத்திலிருந்தே அந்த இடம் என்னுடையது. தனியாக எடுத்துப் பாடுகிற முதல் அடியும் என்னுடையது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ரைஸ் மில்லில் வேலைக்குப் போனவனுக்கு லத்தீன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வரவில்லை. தமிழ் எழுத்தில் எழுதிவைத்து நெட்டுருப் போட்டேன். நான் 'கீரியே' என்று இழுக்கும்போது வாசலில் இருக்கிறவர்கள் கீரிப்பிள்ளையைத் தேடுவார்கள் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். சொல்லட்டும். லத்தீனில் தப்பு விட்டால் கண்டுபிடிக்க அங்கே சாமியாரைத் தவிர ஆள் இல்லை. அவரும் பெரிய மனசுக்காரர்.

அறுபதுகளின் நடுவில் பூசை தமிழுக்கு வந்தது. கோயிலே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் சந்தோஷமில்லை. தமிழ் எல்லோருக்கும் தெரியுமே! எங்கள் பக்கத்துப் பேச்சில் ழ என்கிற எழுத்தே கிடையாது. வாழைப்பழம் வாயப்பயம், மழை மயை, வழி வயி. நானும் அப்படித்தான் பேசினேன், அப்படியேதான் பாடினேன். முதல் தமிழ்ப் பாட்டைப் பழகிய அன்று, ஹார்மோனியம் வாசிக்கிற டீச்சரம்மா பாதியில் பெட்டியை நிறுத்தினார்.

"இன்னாங்க, 'வாயும் தேவன்'னு பாடறீங்க? தேவனுக்கு வாய் மட்டும்தானா, கை கால் இல்லியா?"

குழு முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

அன்றைக்குப் பிடித்தேன் அந்த எழுத்தை. டீக்கடை ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் ழ சொல்லும்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். பழகிய இடம் மில். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் நின்று, நாக்கை மடித்து, மேலே தொட்டும் தொடாமலும், மழை, மழை, மழை என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வாயெல்லாம் தவிட்டுத் தூசி. ஒருநாள் மெஷின் சட்டென்று நின்றுபோக, நான் நிற்கவில்லை. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் கேட்டார்: "இன்னா நைனா, அறுப்பு நேரத்துல மயைக்கு வேண்டிக்கினு கீற? எங்க பொயப்புல மண்ணு போடறியே!"

இரண்டு வருஷம் ஆயிற்று. வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ழ வருகிற அடியெல்லாம் என்னுடையது. டீச்சரம்மாவே சொல்லுவார், "அத அவருகிட்ட குடுங்க" என்று.

அப்படி இருக்கும்போதுதான் அவன் வந்து சேர்ந்தான். கூடூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த, தண்டவாளம் மாற்றிவிடுகிற ரயில்வே பாயிண்ட்ஸ்மேன். வீட்டில் பேசுவது தெலுங்கு, எங்களிடம் பேசியது பாதித் தமிழ். வண்டிச் சத்தத்தை மீறி ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல், அதனால்தான் கணீரென்று இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். அது பொய். கத்திப் பழகிய குரல் அவ்வளவு மெதுவாகப் பாடாது.

நான் பாட்டு இருக்கிற நாளில் மிளகுப்பால் குடிப்பேன், மோர் தொடமாட்டேன், கழுத்தில் துண்டு சுற்றிக்கொள்வேன். அவன் டியூட்டியிலிருந்து நேராக வருவான். காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறை. கக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி. வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே வந்து, கையைத் தட்டிவிட்டுப் பாடத் தொடங்குவான். டீச்சரம்மா ஒரு கட்டை ஏற்றி வைத்தால் எனக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். அவனுக்குச் சட்டைப் பொத்தான்கூட அசையாது.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிப் புலம்பினால், "அந்தாளு பேர எடுக்காம உன்னால ஒருவாய் சோறு துன்ன முடியாதா?" என்பாள் என் வீட்டுக்காரி.

அந்த வருஷம் மாதா திருவிழாவுக்கு டீச்சரம்மா தானே ஒரு பாட்டு கட்டினார். காலைப் பூசையில் நன்மை, அதாவது திவ்விய அப்பம், கொடுக்கும்போது பாடுவதற்கு. 'நான் அறிந்த வழி நீரே' என்று தொடங்கும். முதல் அடியை ஒருவர் தனியாக எடுக்க வேண்டும், பிறகு கோயில் முழுக்க வாங்கிப் பாட வேண்டும். பழவேற்காட்டிலிருந்து மீஞ்சூர்வரைக்கும் சனம் வருகிற திருவிழா. எடுப்பது யார் என்று நான் கேட்கக்கூட இல்லை. ழ இருக்கிறதே!

டீச்சரம்மா என்னிடம் திரும்பினார். "முதல் அடி அந்தத் தம்பி எடுக்கட்டும். தம்பிக்கு ழ மட்டும்தான் வரல. உங்களுது நல்லா கீது. நீங்க கூட இருந்து கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்க."

என் வீட்டுக்காரிக்கு இதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டாள். "உன் எயுத்தக் கயட்டி அவனுக்கு மாட்டி வுடணுமா? சைக்கிள் பெல்லாட்டம்?"

ஒத்திகை முடிந்து ஜன்னலோரம் அவனை நிற்க வைத்துக்கொண்டேன். என்னுடைய ஜன்னல். அவன் பாடினான். "நான் அறிந்த வலி நீரே..." வழி போய் வலி வந்து நின்றது. பாடிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தான்.

"பாகுந்தா அன்னா? அந்த எலுத்து சரிதானா?"

நல்லா இருக்குதா என்று கேட்கிறான். தப்பு என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"சரியாத்தான் கீது" என்றேன்.

அந்த அடியை அவன் என்னிடம் மட்டுமே பழகினான்; இதையும் சேர்த்துத் திருவிழாவுக்குள் மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் அதையே சொன்னேன். கோயிலுக்குள் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

நான் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பு. எனக்கு விழுந்ததே, அந்த மாதிரி ஒன்று. திருவிழாக் கூட்டத்தில் விழுந்தால் அவன் தானாகப் பின்வரிசைக்குப் போய்விடுவான், அவ்வளவுதான் கணக்கு. நன்மை வாங்கச் சனம் எழுந்தது. ஹார்மோனியம் சுருதி பிடித்தது. அவன் எடுத்தான். 'நான் அறிந்த வலி நீரே.' டீச்சரம்மா விருட்டென்று என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே வண்டியைப் பார்த்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. பீடத்துக்குப் போகிற வரிசை ஒரு கணம் நின்று நகர்ந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு கோயில் முழுக்க, அத்தனை பேரும், அவன் எடுத்துக் கொடுத்ததையே வாங்கிப் பாடினார்கள். வலி நீரே. நானும் பாடினேன். வேறு என்ன செய்ய?

பூசை முடிந்து வெளியே வந்தால், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கூடைக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. வேதக்காரி இல்லை, மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மெழுகுவத்தி ஏற்ற வருவாள். கூட்டத்தில் வாசலுக்கு வெளியேதான் இடம் கிடைத்திருக்கிறது. யார் பாடியது என்று தெரியவில்லை. வருஷா வருஷம் எடுத்துப் பாடுகிறவன் நான்தான் என்று மட்டும் தெரியும்.

"அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்ச வலி நீதான்னு சாமியப் பாத்து சொன்னியே. என் புள்ளைய ஏரில குடுத்துட்டு, இத்த எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம கெடந்தேன்ணே. நீ சொல்லிட்ட."

நான் பாடவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். அத்தனை வருஷம் பாடியதற்கு ஒருவரும் என் கையைப் பிடித்ததில்லை.

மறுநாள் கூடையோடு வந்தவள், காசு வாங்காமல் ஒரு இலை நிறைய எறா வைத்துவிட்டுப் போனாள். பாடின அண்ணனுக்காம். வீட்டுக்காரி தொக்கு பண்ணினாள். எல்லோரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு இரண்டாவது வாய் இறங்கவில்லை.

"இன்னாயா, தொண்டையில முள்ளா? எறாவுல ஏதுய்யா முள்ளு?"

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழுவதையும் சொன்னேன். தட்டிக்கு அந்தப்பக்கமிருந்து சாமியார், எத்தனை தரம் பொய் சொன்னாய் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த எழுத்தை அவனுக்குச் சொல்லிக் கொடு. அதுதான் உனக்கு அபராதம்" என்றார்.

"வேற ஏதாவது குடுங்க சாமி. அம்பத்துமூணு மணி ஜெபம் வேணும்னா தெனம் சொல்றேன்."

"அது உனக்குச் சுலபமாச்சே" என்றார்.

அவனை மில்லுக்கு வரச் சொன்னேன். முதலில் நான் செய்ததைச் சொன்னேன். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கொடி கீழே விழச் சிரித்தான். "அப்போ ஊர் மொத்தம் தப்பா பாடிச்சா? அய்யோ தேவுடா! அதான் அன்னா, பாடும்போது எனிக்கே அலுகை வந்துச்சு." பிறகு மெஷின் பக்கத்தில் நின்று, நாக்கை எப்படி மடிப்பது என்று காட்டினேன். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வருகிறாற்போல வந்து போயிற்று. மூன்றாம் நாள் வழி என்றான். சுத்தமாக, ரேடியோக்காரர் மாதிரி.

மூன்று நாள்! எனக்கு இரண்டு வருஷத் தவிடு. பாவசங்கீர்த்தனத்தில் இறக்கிவைத்துவிட்டு வந்த பொறாமை, மில் வாசலிலேயே திரும்ப என் தோளில் ஏறிக்கொண்டது. இந்தத் தடவை மூட்டை இன்னும் கனம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பாட்டை அவன் வழி என்றே எடுத்தான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பூசை முடிந்ததும், அந்த அடியைக் கேட்கவென்றே வந்து வாசலில் நின்றிருந்த கூடைக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். முகம் சரியில்லை.

"இன்னாண்ணே, இந்தவாட்டி மாத்திட்ட? ஏதோ வயி கியின்னு பாடற?"

சுற்றிலும் சனம். ஆனாலும் அந்த எறா இன்னும் தொண்டையில்தான் இருந்தது.

"நான் பாடலம்மா. அன்னிக்கும் நான் பாடல. அதோ, கொடி வச்சினு போறாரே, அவருதான் பாடனாரு."

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப எறாவ?"

"நாங்கதான் துன்னோம்."

"நல்லா துன்னீங்க" என்று சொல்லிவிட்டு அவனிடம் போனாள். என்ன கேட்டாள் என்பது காதில் விழவில்லை. அவளுடைய தலைக்கு மேலாக அவன் என்னைக் கூப்பிட்டான். "அன்னா, ஏது பாடறது? பழசா, சரியானதா?"

பழசு என்று அழகாக ழ போட்டுச் சொன்னான், பாவி.

"அவங்க கேக்கறத பாடு" என்றேன்.

கொடி இரண்டையும் என் கையில் கொடுத்தான். அந்த மண் தரையில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, அந்த ஒரு அடியை மட்டும் அவளுக்குப் பாடினான். நான் அறிந்த வலி நீரே. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அதான், அதான்" என்றாள்.

வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கொடியை வாங்க வந்தவன், போகிறபோக்கில் கேட்டான். "பாகுந்தா அன்னா?"

"சரியாத்தான் கீது" என்றேன். நாலாவது தரம். இந்தத் தரம் அது பொய் இல்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.