ஒன்பது மூலிகைச் சூரணம்

அப்துல் கையூமுக்கு மூக்கு வேலை செய்யாது. பார்ப்பதற்கு எடுப்பான மூக்குத்தான். மூக்குக் கண்ணாடி நிற்பதற்கு மட்டும் பயன்பட்டது. பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில், பட்டை மூட்டைகளைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கியை இருபத்தாறு வருஷம் பார்த்துக்கொண்டவர். ஊறுகிற தோல், சுண்ணாம்பு, தோலைப் பதமாக்குகிற ஆவாரம்பட்டை, மூன்றும் சேர்ந்து அடிக்கிற வாடை அவர் மூக்கை இரண்டே வருஷத்தில் கொன்றுவிட்டது. ஐம்பத்தாறாம் வருஷத்து ஐப்பசியில் எங்கள் தெருச் சாக்கடை உடைத்துக்கொண்டு ஓடியபோது, தெருவே முந்தானையும் துண்டுமாக மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தது. இவர் மட்டும் வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்கால் சூப்பு குடித்தார். "மொளகு இன்னுஞ் செத்த தூக்கலா இருக்கலாம்" என்று மனைவி ஜெய்தூன் பீவியிடம் குறை வேறு சொன்னார்.

நான் அடுத்த வீடு. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும்.

மூக்கில்லாத மனிதர் நிம்மதியாகத்தான் இருந்தார். ஐம்பத்தேழில் அந்த நிம்மதி போயிற்று. கிட்டங்கிக்குப் போகிற வழி, சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே ஒன்றரை முழ அகல வரப்பு. அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. "முனீரு, ஓடியா! பட்டை நனையப் போவுது!" என்று இவர் குரல் கொடுத்தார். ஓடிவந்த கூலிப் பையன் முனீர் வழுக்கி மூன்றாவது தொட்டிக்குள் விழுந்தான். இறங்கி இழுத்துப் போட்டதும் இவர்தான். உயிர் இருந்தது. கண் இரண்டும் போய்விட்டன.

அதன்பின் கையூம் பாய் மூன்றாவது தொட்டியை நெருங்கினால் நெஞ்சு சின்னாளபட்டித் தறி மாதிரி அடிக்கும். வேர்த்துக் கொட்டும். கால் வரப்பிலேயே வேர் விட்டுவிடும். நாலு பேர் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வருவார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இருதயம் இருபது வயசுக்காரன்து மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப இந்த அடி அடிக்கறது யாருதுங்க?" என்று கேட்டார் கையூம் பாய்.

தர்காவில் தாயத்துக் கட்டியும் பார்த்தாயிற்று. முதலாளி நல்லவர், ரம்ஜான் வரைக்கும் பொறுக்கிறேன், அதற்குமேல் கிட்டங்கிச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றார். அந்தச் சாவி கையூம் பாயின் இடுப்பில் இருபத்திரண்டு வருஷமாகக் கிடப்பது. தூக்கத்தில்கூடத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

இந்தச் சமயத்தில்தான் செம்பட்டியிலிருந்து ஒச்சப்பன் பஸ்ஸில் வந்து இறங்கினான். சின்ன வயசில் கையூம் பாயும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது அவன் பழனி மலையடிவாரத்தில் துணி விரித்து மூலிகை மருந்து விற்பவன். காலில் விழாத குறையாக மாமா மாமா என்று உருகுவான்.

"மாமா, ஒங்க நெஞ்சுல இருக்கறது சீக்கு இல்ல, பயம். அதுக்குன்னே ஒரு சூரணம் வச்சிருக்கேன். வெறும் வயித்துல ஒரு டம்ளரு. ஒரே வாரம், வரப்புல நீங்க சிலம்பம் ஆடலைன்னா எம் மீசையை எடுத்துர்றேன்."

"எம்புட்டு ஆகும் மாப்ள?"

"நமக்குள்ள என்ன காசு? வீட்டுல மாட்டுக்கு ஓயாமக் கழியுது. ஒங்க கிட்டங்கித் தரையில சிந்திக் கெடக்குற பட்டைத் தூளு மாசம் ஒரு சாக்கு குடுங்க. மாட்டுக்குக் கலக்கி ஊத்துறேன்."

கையூம் பாய் கண் கலங்கிவிட்டார். சிதறல் தூளுக்கு இப்படி ஒரு மருந்தா? தன் கையாலேயே கூட்டி அள்ளி, சாக்கு வாயைக் கோணி ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துக் கொடுத்தார். அவர் தையல் தனித் தையல், கோழி கிண்டியது மாதிரி இருக்கும்.

இங்கே நானும் ஒரு காரியம் செய்திருந்தேன். அதற்கு இரண்டு மாசம் முன்னால் ஒச்சப்பன் என்னிடம் வந்து, "டீச்சரம்மா, ஒங்க கையெழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. டப்பால ஒட்ட ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, அத வச்சு அச்சடிச்சுக்கறேன்" என்றான். என்ன மூலிகை என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தோணுனதப் போடுங்க" என்றான். என்னிடம் சொல்லலாமா அந்த வார்த்தையை? உட்கார்ந்து ஒன்பது மூலிகை எழுதினேன். ஐந்து உண்மை. நிலாப்பூண்டு, அஞ்சாத்தாமரை, ஏழுகடல் வேர், உறங்காக்கொடி, இந்த நாலும் என் வீட்டு அடுப்படியில் முளைத்தவை. அஞ்சாத்தாமரை பௌர்ணமியில் யானை மிதித்த சுனையில் மட்டும் பூக்கும் என்று ஒரு வரியும் சேர்த்தேன். பழனிக்கு வருகிற பக்தர்கள் படித்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

முதல் டப்பா வந்த மறுநாள் ஜெய்தூன் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தார். அவருக்கு அரபு ஓத வரும், தமிழ் படிக்க வராது.

"என்னா எழுதியிருக்குனு படிங்க டீச்சரு."

என் எழுத்தை நானே முகம் மாறாமல் படித்தேன். கேட்டு முடித்துவிட்டு, "ஆவாரம்பட்டைனு எங்கனயாச்சும் போட்டுருக்கா?" என்றார்.

"இல்லக்கா. ஏன்?"

மூடியைத் திறந்து என் மூக்கின்கீழ் நீட்டினார். சுக்கும் கருப்பட்டியும் மேலாக. அடியில் கையூம் பாயின் சட்டை. அவர் தெருவில் நடந்து போனால் எங்களுக்கு எந்த வாடை வருமோ அதே வாடை. கிட்டங்கித் தரையிலிருந்து செம்பட்டிக்குப் போய், டப்பாவுக்குள் ஏறி, திரும்பி வந்திருக்கிறது.

"சொல்லிருவமா அக்கா?"

"காலையில குடிச்சாக. தொட்டி வரைக்கும் போயிட்டு வந்துட்டாக" என்றார் ஜெய்தூன் அக்கா. மூடியை இறுக்கி மூடினார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரமே கையூம் பாய் மூன்றாவது தொட்டியைத் தாண்டிவிட்டார். சாவி இடுப்பிலேயே தங்கியது. தினமும் விடியலில் சுவருக்கு அந்தப்பக்கம் அவர் குரல் கேட்கும். சீட்டை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிப்பார். அஞ்சாத்தாமரைக்கு வரும்போது குரல் ஒரு பிடி உயரும். பிறகு மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம். செருப்புச் சத்தம். நாலு வருஷம் இப்படி ஓடியது. தெருவில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் ஒச்சப்பன் பெயரைச் சொல்லி அனுப்புவார். கண் போன முனீர் வீட்டுக்கே ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தார்.

அறுபத்திரண்டு தையில் ஒச்சப்பனுக்குக் காய்ச்சல், அந்த மாசம் சாக்கு வாங்க வரவில்லை. பாவம், மாடு என்ன ஆயிற்றோ என்று கையூம் பாய் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு தானே செம்பட்டிக்குப் பஸ் ஏறினார். போன வீட்டில் மாடு இல்லை. மாடு கட்டுகிற முளைக்குச்சி இல்லை. ஒரு வைக்கோல் துரும்பு இல்லை. முற்றத்தில் ஒச்சப்பன் பெண்சாதி மூக்காயி பட்டைத் தூளைத் துணியில் சலித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரித்துப்போட்ட சாக்கு. அதில் கோழி கிண்டிய தையல். சுற்றிலும் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது மூலிகை.

போர்வையோடு எழுந்து வந்தான் ஒச்சப்பன்.

"மாடு எங்கடா?"

"அது செத்துப் போச்சு மாமா."

"எப்ப?"

"வாங்குறதுக்கு முன்னாடியே."

கையூம் பாய் சிரிக்கவில்லை. ஒச்சப்பன் கையைப் பிடித்துக்கொண்டான். "நாலு வருசமா நெஞ்சு படபடன்னுச்சா, இல்லியா? அதச் சொல்லுங்க மாமா. கொணமாயிடுச்சுல்ல? எது கொணமாக்குனா என்ன?"

அவர் கையை உருவிக்கொண்டு, கொண்டுபோன சாக்கையும் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப்பக்கம் கையூம் பாயின் குரல் கேட்டது.

"ஜெய்தூனு, ஒனக்கு மூக்கு இருக்குல்ல?"

அடுப்பை ஊதுகிற சத்தம்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத டப்பாவத் தொறந்தப்பவே."

"நாலு வருசமா எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கலக்கிக் குடுத்துருக்க."

"சொல்லியிருந்தா மறுநா வேலைக்குப் போயிருப்பீகளா?"

"போயிருக்க மாட்டேன். ஆனா, நெசம் தெரிஞ்சு போகாம இருந்திருப்பேன்." பிறகு குரல் இறங்கி, "ஒச்சப்பன் ஊரை ஏமாத்திப் பொழைக்கறவன். என்னையும் ஏமாத்துனான், அது அவன் தொழிலு. நீ யாரு?"

ஜெய்தூன் அக்கா அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வந்தது.

மறுநாள் கையூம் பாய் இரண்டாவது தொட்டியில் நின்றுவிட்டார். நாலு வருஷத்துக்கு முந்திய அதே வேர்வை, அதே தறி. வீட்டுக்கு வந்து தன் கையாலேயே பட்டைத் தூளை அதே டம்ளரில் கலக்கிக் குடித்துவிட்டுப் போனார். அப்போதும் இரண்டாவது தொட்டிதான். மூன்றாம் நாள் கிழிந்த சீட்டோடு என் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவுக. பட்டை பொய்யி, போவட்டும். இதுல எழுதியிருக்கற அஞ்சாத்தாமரை நெசமாவே எங்கயாச்சும் இருக்கா?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்தபடி, "இருக்கும் பாய், பெரிய நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்க" என்றேன்.

ஒரு மாசம் அலைந்தார். திண்டுக்கல்லில், பழனியில், மதுரையில். இல்லை என்று சொன்ன கடைக்காரர்கள் யோக்கியர்கள். இருக்கிறது என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. ஆறு கடை அஞ்சாத்தாமரை ஆறு நிறத்தில் வந்து சேர்ந்தது. எதுவும் அவரை மூன்றாவது தொட்டிக்குக் கூட்டிப்போகவில்லை. பங்குனிக் கடைசியில் சாவியை அவரே கழற்றி முதலாளி மேஜையில் வைத்துவிட்டு, வண்டி வருவதையும் போவதையும் பார்க்கிற கேட் வேலைக்குப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப்பின் ஒரு வழக்கம் வந்தது. காப்பியோ கஞ்சியோ தண்ணீரோ, ஜெய்தூன் அக்கா முதலில் ஒரு வாய் குடித்து, என்ன வாடை அடிக்கிறது என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகு கையூம் பாய் அக்காவின் முகத்தையே செத்த நேரம் பார்ப்பார். அப்புறம்தான் குடிப்பார். பாதி நாள் குடிக்காமலே வைத்துவிடுவார். தெருப் பெண்கள் என்னிடம் வந்து விசாரித்தார்கள். "பெண்டாட்டி எச்சில் பட்டால்தான் அவருக்கு இறங்குமாம், இந்த வயசிலும் என்ன பாசம் பாருங்க" என்று நான்தான் கதை கட்டினேன். தெரு நம்பியது. புதுப்பெண்களுக்கு அவர்களை உதாரணம் காட்டினார்கள். அதைக் கேட்டால் ஜெய்தூன் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அறுபத்தெட்டு மழைக்காலத்தில் ஜெய்தூன் அக்காவுக்கு விஷக்காய்ச்சல். படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. மச்சான் வீட்டிலிருந்து கஞ்சி வந்திருந்தது. கையூம் பாய் டம்ளரைக் கையில் ஏந்திக்கொண்டு கொல்லைப்புறச் சுவருக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. நீங்க ஒருத்தர்தான் எங்கிட்டப் பொய் சொல்லாதவுக."

வாங்கிக் குடித்தேன். பூண்டும் வெந்தயமும் மணத்தன.

"நல்ல கஞ்சி பாய். பூண்டு வாசம்."

அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. வாங்கி மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.