சொல்வதைக் கேட்பதில்லை

புதன்கிழமை மாலை அம்மாவும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளிடம் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போட்டோம். மொத்தம் முப்பத்தொன்று. நான் தாளை வெட்டினேன். அவள் மடித்து ஒட்டினாள். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

ஒரு நோட்டை மட்டும் அவள் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

"இதுக்கு அட்டை வேண்டாமா?"

"போட்டு என்ன பண்ண? வர்ற வெள்ளிக்கிழமை இது பின் கட்டடத்துக்குப் போகுது."

"யாரோட நோட்டு?"

"திருதிருவோடது."

மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்காரும் ஏழு வயதுப் பெண். எதைக் கேட்டாலும் திருதிருவென்று முழிப்பாள் என்பதால் வகுப்பே வைத்த பெயர். அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் வார்த்தைகள் வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் இருப்பதை எழுதச் சொன்னால் ஒரு பிழை இருக்காது. வாயால் சொல்லி எழுதச் சொன்னால்தான் தகராறு.

பின் கட்டடத்தில் இருப்பது தனிப் பிரிவு. 'பின்தங்கிய' பிள்ளைகளை அங்கே அனுப்புவார்கள். அங்கே வண்ணம் தீட்டலாம், காகிதம் மடிக்கலாம், பாடப் புத்தகம் கிடையாது. போன பிள்ளை திரும்பி வந்து அம்மா பார்த்ததில்லை. திங்கட்கிழமை தலைமை ஆசிரியை பெயர்ப் பட்டியல் கேட்டார். அம்மா முதல் பெயராகத் திருதிருவை எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அவசரப்பட்டுட்டேனோன்னு தோணுதுடி. நீதான் பழுது கண்டுபிடிக்கிற ஆளாச்சே, கொஞ்சம் பாரேன்."

என் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. லிஃப்ட் ஏன் நின்றது என்று எடுத்ததும் நான் கேட்பதில்லை. எப்போது, எந்த மாடியில், எத்தனை பேர் ஏறியிருந்தபோது நின்றது என்று கேட்பேன். நோட்டைப் பிரித்தேன்.

திங்கட்கிழமைப் பக்கத்தில் தேதி இருந்தது. ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள் இருந்தன. வேறு எதுவும் இல்லை. கீழே அம்மாவின் சிவப்பு மையில்: 'எழுத மனமில்லை.'

செவ்வாய்க்கிழமை வேறு பத்துச் சொற்கள். எட்டுச் சொற்களை எழுதியிருந்தாள். ஏழாவதும் எட்டாவதும் காலி. எழுதியவற்றில் சரியானவை மூன்று.

"நேத்து முந்தாநாள்னு பாரு. ஒரு நாள் முட்டை, மறுநாள் மூணு. அடம்தானே?" என்றாள் அம்மா. பிறகு அவளே, "அடம்னா ரெண்டு நாளும் அடமா இருக்கணுமே" என்றாள்.

"திங்கட்கிழமை என்ன வித்தியாசமா பண்ணுன?"

"ஒண்ணும் இல்ல. இருமலா இருந்துச்சேன்னு மாஸ்க் போட்டுக்கிட்டுப் போனேன். மூச்சு முட்டுதேன்னு மறுநாள் போடல."

அதைக் குறித்துக்கொண்டேன். "செவ்வாய்க்கிழமை ஏழாவது சொல்லு சொல்லும்போது எங்க நின்ன?"

"யாருக்குடி ஞாபகம்?"

"நடந்து காட்டு."

முணுமுணுத்தபடி எழுந்தாள். மேசைதான் வகுப்பு, நாற்காலிகள் பெஞ்சுகள். பசைக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொற்களைச் சொன்னபடியே சுற்றினாள். மரம். கல். பால். மயில். வீடு. படம். அந்த இடத்தில் நின்றாள்.

"காத்து அடிச்சுது. பின்பக்க ஜன்னலச் சாத்தப் போனேன். ஏழும் எட்டும் அங்கேருந்துதான் சொன்னேன்."

"அப்ப அவ உனக்கு எந்தப் பக்கம்?"

"எனக்கு முதுகக் காட்டி..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

நான் தாளில் இரண்டு வரிசை எழுதினேன். அம்மா சொன்னது ஒன்று, அவள் எழுதியது ஒன்று. மரம், பரம். பால், மால். மயில், பயில். படம், மடம். பல், மல். தப்பு ஐந்தும் ஒரே மாதிரித் தப்பு. 'ம' வர வேண்டிய இடத்தில் 'ப'. 'ப' வர வேண்டிய இடத்தில் 'ம'. மந்தமான பிள்ளை இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது.

அம்மா கைகழுவும் இடத்துக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றாள். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பார்த்தாள். என் பக்கம் திரும்பி மறுபடி அசைத்தாள்.

"இப்ப என்ன சொன்னேன்?"

"பால்."

"இல்லடி. மால். வாய மட்டும் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்."

வந்து உட்கார்ந்தாள். விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தாள். பிறகு பையிலிருந்து திருதிருவின் மதிப்பெண் அட்டையை எடுத்து என் முன் வைத்தாள். இந்த அரையாண்டுக்கு, குறிப்பு என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து: 'சொல்வதைக் கேட்பதில்லை.' அதற்கு மேலே, முதல் வகுப்பு ஆசிரியை போன வருடம் எழுதியது: 'சொன்னால் கேட்பதில்லை.'

"கேக்கலன்னு நாங்களே எழுதி, நாங்களே கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றாள். "வருஷம் ரெண்டாச்சு."

அடுத்ததாக, ஒதுக்கி வைத்த நோட்டுக்கு அட்டை போட்டாள். போடும்போது இடது தோளை இரண்டு முறை பிடித்துவிட்டுக்கொண்டாள். என்னவென்று கேட்டேன். நோட்டு தூக்கித் தூக்கி வந்த வலி என்றாள். டாக்டரிடம் காட்டு என்றேன். காட்டலாம் என்றாள். போன மாதமும் அதையேதான் சொன்னாள். மற்றொரு வீட்டுப் பிள்ளையின் பழுதுக்குத் தாள் எடுத்து வரிசை போட்ட நான் இதை எங்கும் குறிக்கவில்லை.

வியாழன் விடியலில் நான் வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மதியம் அம்மா போன் செய்தாள். குரலில் பதற்றமும் சிரிப்பும் கலந்திருந்தன.

காலையில் விளையாட்டு என்று சொல்லி, புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு பத்துச் சொற்களைச் சொன்னாளாம். மற்ற பிள்ளைகள் எழுதினார்கள். திருதிரு தேதி போட்டாள், ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டாள், பென்சிலை வைத்துவிட்டாள். அடுத்து அம்மா மூன்றாவது பெஞ்சுக்கு நேர் எதிரே போய் நின்று, முகம் தெரிய, அதே சொற்களைச் சொன்னாள். கரும்பலகையில் 'ம' எழுதிக் காட்டி, அது வரும்போதெல்லாம் மூக்கின் மேல் விரலை வைத்தாள். திருதிரு பத்துக்கு ஒன்பது எழுதினாள்.

"அவளுக்காக வெச்ச விரலு. இப்ப வகுப்பு மொத்தமும் மூக்கப் புடிச்சிட்டு மரம், மாடுன்னு கத்துது. பெரிய டீச்சர் எட்டிப் பார்த்துட்டு, 'என்ன, கழிவறை நாத்தம் இங்க வரைக்குமா வருது'ன்னு கேக்கறாங்க."

"பட்டியல்ல பேர அடிச்சிட்டாங்களா?"

சிரிப்பு நின்றது. "நாளைக்குத்தான் கேக்கணும். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்க? எழுதினவளே நான்."

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பக்கத்து வகுப்பு ஆசிரியை பின்னால் என்னிடம் சொன்னார். அவர் அப்போது அலுவலக அறையில் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். அம்மா நோட்டுடன் வந்து, தலைமை ஆசிரியையின் மேசை முன் உட்காராமல் நின்றிருக்கிறாள்.

"பேரு எழுதிக் குடுத்ததே நீங்கதானே டீச்சர்?"

"நான்தான். தப்பு பண்ணிட்டேன். அடிச்சிடுங்க."

"உங்க இஷ்டத்துக்கு எழுதி, உங்க இஷ்டத்துக்கு அழிக்க இது என்ன கரும்பலகையா?"

"அந்தப் பிள்ளைக்குப் படிப்பு வருது. காதுதான் கேக்கல."

"அத நீங்க சொன்னா ஆச்சா? நாளைக்கு எனக்கு மேல இருக்கறவங்க கேட்டா நான் என்ன காட்டுவேன், உங்க மூக்கையா?"

அம்மா நகரவில்லை. நோட்டின் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து காட்டி, 'எழுத மனமில்லை' என்று தான் எழுதியதை அவர் கண் முன்னே சிவப்புப் பேனாவால் அடித்தாள். "இத அடிக்க எனக்கு உரிமை இருக்கு. அத அடிக்க உங்களுக்குத்தான் இருக்கு."

தலைமை ஆசிரியை கொஞ்சம் இறங்கி வந்தார். காது டாக்டர் எழுதிய தாள் வேண்டும். அடுத்த வெள்ளி மதியம் பன்னிரண்டு வரை பட்டியலை அனுப்பாமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார்.

அம்மா வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாளாம். தண்ணீர் கேட்டாளாம். "முகம் வெளுத்திருந்துச்சு. பயம்னு நினைச்சேன்" என்றார் பக்கத்து வகுப்பு ஆசிரியை. நானும் அங்கே இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்று மாலை நான் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பள்ளியிலிருந்து போன் செய்தாள். அரை நிமிடம் பேசினேன்.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டுட்டேன்."

"அப்பாடா. இப்பவாவது போகணும்னு தோணுச்சே."

"எனக்கு இல்லடி. திருதிருவுக்கு."

"அம்மா, உன் தோளு..."

"சரி சரி. கேட்டுச்சு, கேட்டுச்சு. வேலையப் பாரு."

சனிக்கிழமை காலை ஏழரைக்கு எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார். அடுப்பில் பால் பொங்கி அணைந்திருந்தது. கேஸ் வாசனை வந்து எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வலி ஒரு மாதமாவது இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்த நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் பக்கத்து வகுப்பு ஆசிரியை, வகுப்பு அலமாரியில் இருந்த அம்மாவின் பொருட்களை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்தார். பாடக்குறிப்பு நோட்டு, சிவப்புப் பேனா, இருமல் மாத்திரை, பாதி தீர்ந்த பசைக் குப்பி. நோட்டுக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு. திங்கள், காலை 10. உடன் வருபவர் என்ற இடத்தில் 'டீச்சர்' என்று எழுதியிருந்தாள். திங்கள் போய் மூன்று நாளாகிவிட்டது. மறுநாள் வெள்ளி.

சீட்டின் பின்புறம் ஒரு எண் இருந்தது. திருதிருவின் அம்மா வேலை செய்யும் சலவைக்கூடத்தின் எண். போன் செய்தேன். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"டீச்சர் பொண்ணா? திங்கக்கிழமை நாங்க வந்தோமே மேடம். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன்னாங்க. அரை நாள் லீவு போட்டு, பன்னெண்டு வரைக்கும் நின்னோம். வயசானவங்க, மறந்திருப்பாங்கன்னு வந்துட்டோம்."

அந்தத் திங்கட்கிழமை அம்மாவுக்காகப் பள்ளி விடுமுறை. வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். இவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. செவ்வாயிலிருந்து திருதிருவுக்குக் காய்ச்சல். யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை.

சொன்னேன்.

அவள் தன் இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள். "அவகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"முகத்தப் பார்த்துச் சொல்லுங்க."

"திட்டிக்கிட்டே இருந்தேன் மேடம். சொன்னா கேக்க மாட்டேங்கறா, கேக்க மாட்டேங்கறான்னு." அழுகிறாள் என்று தெரிந்தது. "நாளைக்கு எனக்கு லீவு தர மாட்டாங்க. நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சீட்டை நீட்டிக் கெஞ்சிய பிறகு, காலை எட்டு மணிக்கு வந்தால் இடையில் சேர்ப்பதாகச் சொன்னார். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகும். கையெழுத்துப் போடும் டாக்டர் பதினொன்றுக்குத்தான் வருவார். அங்கிருந்து பள்ளிக்கு ஆட்டோவில் இருபது நிமிடம். டாக்டர் அரை மணி தாமதித்தால் மிஞ்சுவது பத்து நிமிடம். ஒரு மணி தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாது. வீடு வந்து இதையே ஏழெட்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை.

சீட்டை வைக்க அம்மாவின் பாடக்குறிப்பு நோட்டைத் திறந்தேன். முடித்த வேலைக்கு எதிரே அவள் சிவப்பில் ஒரு டிக் போடுவாள். வெள்ளிக்கிழமை வரை எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். திங்கட்கிழமைக்கு ஒரே வரி.

'10 மணி. திருதிரு. காது. டாக்டரை மாஸ்க்கைக் கழற்றச் சொல்ல வேண்டும்.'

எதிரே டிக் இல்லை.