புளிக்களத்து வாய்ப்பாடு

டொக். டொக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டொக்.

எங்கே யார் மரக்கட்டையால் எதைத் தட்டினாலும் என் வாய் தானாக வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துவிடும். நேற்று எதிர்வீட்டில் கட்டிலுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நானோ பதினாறாம் வாய்ப்பாட்டின் நடுவழியில் நிற்கிறேன். கண் வேறு சொருகுகிறது. அந்த வருஷத்துத் தூக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது போல.

எண்பதுகளில் நாங்கள் பென்னாகரம் பக்கம் இருந்தோம், பஸ்ஸை விட்டு இறங்கியும் நடக்க வேண்டிய ஊரில். வீட்டுக்காரர் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுப்பார். மாசி பிறந்தால் மரம் மரமாக அலைவார். மனுஷனைப் பார்க்க முடியாது, மூட்டைகள் மட்டும் வந்து இறங்கும். கொட்டி, காயவைத்து, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி, எடை போட்டுப் பொட்டலம் கட்டுகிறவரை என் பாடு. கூலிக்கு ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். காற்றே புளிக்கும். குடிக்கிற தண்ணீர் புளிக்கும். தலையணை புளிக்கும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோற்றில் உப்புப் பட்டால் உயிர் போகும்.

இதற்கு நடுவில்தான் பள்ளிக்கூடம் வீட்டுக்கு வந்தது. ஊர்ப் பள்ளிக்கு இருந்தது ஒரே வாத்தியார். அவர் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வருவார் வருவார் என்று ஆடியில் காத்திருந்தோம், தையும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. என் பெண்களில் பெரியவள் ஐந்தாவது, சின்னவள் மூன்றாவது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

தர்மபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி ஒன்றில் விடுதி இருந்தது. ஆறாவதிலிருந்துதான் விடுதியில் இடம். வீட்டில் படித்த பிள்ளை என்றால் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துச் சேர்ப்பார்கள் என்று சொன்னார்கள். தேறாவிட்டால் பெரியவள் களத்தில் உட்கார்ந்து கொட்டை தட்டும் கட்டையைப் பிடிக்க வேண்டியதுதான். பிடித்த பெண்பிள்ளைகள் எழுந்ததில்லை. என் களத்திலேயே அப்படி நான்கு பேர் இருந்தார்கள்.

நான் பத்தாவது படித்தவள். என்னைவிட்டால் வேறு வாத்தியார் இல்லை.

வகுப்பறை என்பது விரித்துப் போட்ட ஒரு சாக்கு. வாத்தியார் மடியில் புளி, கையில் நார். ஒரு கண் புத்தகத்தில், ஒரு கண் தராசில். கேள்வி கேட்டால் பிள்ளைகளுக்கு முன்னால் களம் பதில் சொல்லும்.

"அந்தக் காலத்து ராஜா சாலையோரம் எதுக்கு மரம் நட்டாரு? சொல்லு கண்ணு."

"எதுக்கா? உங்கூட்டுக்காரரு குத்தகைக்கு எடுக்கட்டும்னுதான்!" என்றாள் கட்டை பிடித்திருந்த ஒருத்தி.

"பாவம் அந்த ராஜா. நட்டதோட போய்ட்டாரு. தட்டறது நாமதான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

களமே சிரிக்கும். சின்னவள் அதையும் சிலேட்டில் எழுதிவைத்திருப்பாள்.

"ஏங்க்கா, நீங்க இப்பிடி தொண்ட கிழியக் கத்தறீங்களே, உங்க புள்ளைங்க தேறுதோ இல்லியோ, நாங்க தேறிருவோம் போங்க" என்பார்கள். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது. மூட்டைக்காரர் கூப்பிடுவார். எழுந்து போய்த் திரும்பினால் பாடம் எங்கே விட்டது என்று தெரியாது. பாடமும் என்னைப் போலவே அங்கங்கே குந்தியிருக்கும்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வாய்ப்பாடு. அங்கேதான் நான் விழுவேன். சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன், ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்து நாலு, டொக், டொக், தாலாட்டு மாதிரி வரும். சின்னவள் கெட்டிக்காரி. என் தலை சாய்வதற்காகக் காத்திருந்து, பதினாறாம் வாய்ப்பாட்டில் ஐந்திலிருந்து ஒரே தாவலாகப் பத்துக்குப் போய், "முடிஞ்சிதும்மா" என்பாள். பெரியவள் என் கால் கட்டைவிரலைக் கிள்ளுவாள். விழித்துக்கொண்டு, "மறுபடி சொல்லு" என்பேன். எதை என்று எனக்குத் தெரியாது. சின்னவளுக்குத் தெரியும்.

பெரியவளுக்குப் பின்னக் கணக்கு மட்டும் புத்தகத்தில் ஏறவே இல்லை. ஒரு நாள் அலுத்துப்போய் மூட்டையைக் காட்டினேன். "இது முழுசு. ஓடு, நார், கொட்டை எல்லாம் போனா என்ன நிக்கும்?" கையை விட்டு அளைந்து பார்த்து, "பாதிம்மா" என்றாள். அன்றைக்குப் பிறகு எந்த மூட்டை வந்தாலும் அவளைத்தான் கேட்பேன். எடை சொன்னால் போதும், நிற்பதைச் சொல்லிவிடுவாள். ஈரக்காயா, காய்ந்த காயா என்று பார்த்து அதற்கும் ஒரு பிடி குறைப்பாள். அப்பாடா, கணக்கு வந்துவிட்டது என்று அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

சூன் மாதம். சின்னவளைக் களத்துப் பெண்களிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். தேறினால் அன்றைக்கே விட்டுவிட்டு வர வேண்டும். தேறாவிட்டால் அதே பெட்டியைத் திருப்பித் தூக்க வேண்டும். பஸ்ஸில் நான்தான் தூங்கினேன். இறங்கும் இடம் வந்ததும் அவள்தான் எழுப்பினாள்.

பரீட்சை முடிந்து தலைமை சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். தாள் அவர் கையில்.

"தமிழ் நல்லா எழுதியிருக்கா. இங்கிலீஷ் பரவாயில்ல. கணக்குதான்... முதல் கணக்கே தப்புங்க. இது சின்ன வகுப்புப் புள்ளைங்க போடறது."

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு வியாபாரி நாற்பது கிலோ புளி வாங்கினார். அரைக் கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம்? கீழே அவளுடைய எழுத்து: நாற்பது பொட்டலம். ஈரக்காய் என்றால் இன்னும் குறையும்.

எனக்குத் தப்பு தெரியவே இல்லை. சரியாகத்தானே போட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு மெல்ல உறைத்தது. எண்பது. அந்த எண்பதை எங்கள் களத்தில் யாரும் கண்டதில்லை. பெட்டியின் கைப்பிடி விரல் வெடிப்பில் அழுந்தியது.

"ஏன் கண்ணு இப்பிடிப் போட்டே?" என்றேன்.

"தட்டின புளின்னு கேள்வில போடலியேம்மா. வாங்கினாருன்னா ஓட்டோடதான வாங்குவாரு?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நாங்க புளி யாவாரமுங்க சிஸ்டர். ஓடு, கொட்டை போனா பாதிதானுங்க நிக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பென்சிலால் மேசையைத் தட்டினார், டொக், டொக். அந்த நேரத்திலும் எனக்குக் கொட்டாவி வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"சரி. நாற்பது கிலோ மாம்பழம். கூடைக்கு ரெண்டு கிலோ. எத்தன கூடை?"

"இருபது சிஸ்டர்."

"இதுல கொட்டையக் கழிக்கலையா?"

"மாம்பழத்தக் கொட்டையோடதானுங்க சிஸ்டர் விப்பாங்க."

இப்போது சிரித்தார். "இங்க கேள்வில இருக்கறத மட்டும் போடணும். உங்க வீட்டுக் கணக்க லீவுல போட்டுக்கோ" என்று சொல்லி, இன்னும் இரண்டு கணக்குக் கேட்டுவிட்டு, ஆறாவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையிலிருந்த பெட்டியை அப்போதுதான் கீழே வைத்தேன்.

பெரியவள் வாசல் கேட் வரை வந்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்து, "தலைய நல்லாத் தொவட்டிக்கோ" என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரோட்டுக்கு வந்துவிட்டேன். பின்னால் ஓடிவருகிற சத்தம். கேட் கம்பிகளுக்கு நடுவில் அவள் முகம்.

"அம்மா, சின்னவ பதினாறாம் வாய்ப்பாட்ட இன்னும் தாண்டித் தாண்டித்தான் சொல்றா. கிள்ளறதுக்கு இனிமே நான் இல்ல. நீ தூங்கிராதம்மா."