திட்டு விழாத வேலை

பன்னிரண்டு வருடம் நான் விடியற்காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வந்தேன். திருத்தணியில் வண்டி புறப்படுவதால் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய்த்த சலுகை அது ஒன்றுதான். ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ரயிலில் கேட்டவர்களுக்கு எல்லாம் முறைப்பையே பதிலாகக் கொடுத்துப் பழகிவிட்டேன். வீட்டில் அம்மாவும் நானும்தான்.

அம்மா கே.ஜி.கண்டிகைப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளில் களை எடுத்து என்னை பி.காம் வரை படிக்க வைத்தவள். அவளைப் பொறுத்தவரை வேலை என்றால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், மேலே ஒருவர் நின்று ஏச வேண்டும். "மேஸ்திரி வாயத் தொறந்தாதான் எங்களுக்குக் கையே ஓடும்" என்பாள். நான் ராத்திரி வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு உங்க சாரு இன்னா சொன்னாரு?" என்பதுதான். திட்டினார் என்று சொன்னால் நிம்மதியாகச் சோறு போடுவாள்.

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. அவளைத் தனியாக விட்டுப் போக முடியாது. ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனேன். ஆடிட்டர் சார் அதை வாங்கிப் படித்துவிட்டு, பின்னாலிருந்த காலி அலமாரியைக் காட்டினார். அதற்கு முந்தின மழையில் ஆபீசுக்குள் தண்ணீர் புகுந்து, பத்து வருடத்து ஃபைல்கள் ஊறி உப்பிப்போயிருந்தன. அந்த வயிற்றெரிச்சலில் அவர் எல்லாக் கணக்குகளையும் கிளவுடில் ஏற்றியிருந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதுவும் கிடையாது. வெளியே எங்கேயோ வாடகைக்கு எடுத்த இடத்தில் எல்லாம் இருக்கும். யார் எந்த ஊரிலிருந்து திறந்தாலும் அதே கோப்புதான்.

"திருத்தணியில இருந்தே பாருங்களேன். ஆறு மாசம் பார்ப்போம். சரிப்படலைன்னா அப்ப இந்த லெட்டரை வாங்கிக்கறேன்" என்றார். அன்று திரும்பி வரும் ரயிலில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். இனிமேல் வீட்டிலிருந்தே வேலை, உன் கூடவே இருப்பேன் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி பாப்பா" என்றாள். எனக்கு முப்பத்தொன்பது வயது, இன்னும் பாப்பாதான்.

கூடத்தில் அம்மாவின் கட்டில். எதிரே ஜன்னலோரம் என் மேஜை. காலையில் அவளைக் குளிப்பாட்டி, வாக்கரைப் பிடித்து நாலு நடை நடக்க வைத்துவிட்டு, ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறப்பேன். காதில் ஹெட்செட். வியாபாரிகள் அனுப்பும் பில்களை ஏற்றுவது, வரித்தளத்தில் இருப்பதோடு ஒத்துப் பார்ப்பது, சார் கேட்டால் "பாக்கறேன் சார்", "ஆச்சு சார்" என்பது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, "இன்னாமே, வேலைக்குப் போவலியா?" என்று கேட்டு அலுத்துப்போனார்கள்.

அம்மா அந்த மாதங்களில் ரொம்ப நல்லவளாகிவிட்டாள். சாயங்கால டீ வேண்டாம் என்றாள். பழம் வாங்காதே என்றாள். குழம்பில் உப்பில்லை என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை. உடம்பு தேறுகிறது, மனசும் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் கணக்கு ஒத்துப் பார்க்கிறவளுக்கு இது ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

நாலாவது மாதம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் பிரஷர் பார்க்கும் பட்டையை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். "மாத்திரை ஒழுங்கா போடறாங்களா? இப்படியே இருந்தா ஒருநாள் கை கால் இழுத்துக்கும்" என்றார். போடுகிறாள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவள் தலையணையை உதறினேன். பவுடர் டப்பா ஒன்று விழுந்து திறந்துகொண்டது. உள்ளே பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள்.

நான் கத்தினேன். அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "வேல பூட்ச்சின்னு நீயும் எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல. என்னாலதான பூட்ச்சி. ஒரு நாள் மாத்திரய ரெண்டு நாளைக்கு வச்சிகினா உனக்குக் கொஞ்சம் கை தாங்கும்னு..."

வேலை இருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். சம்பளம் வந்த மெசேஜைக் காட்டினேன். "யார்கிட்ட கைமாத்து வாங்குனியோ" என்றாள். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "இது முன்னயே வூட்ல கெடந்துதே" என்றாள். வேறு வழியில்லாமல் சாரையே வீடியோவில் கூப்பிட்டு அவள் முன்னால் பிடித்தேன். அவர் கைகூப்பி, "உங்க பொண்ணு மாதிரி ஒருத்தர் கிடைக்க நாங்க கொடுத்து வெச்சிருக்கணும்மா. நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க" என்றார். எனக்கே கண் கலங்கியது.

அழைப்பு முடிந்ததும் அம்மா பெருமூச்சு விட்டாள். "வேலய விட்டு அனுப்பிச்சவங்கதான் அப்டி மரியாதயா பேசுவாங்க." கூடவே இன்னொன்றும் சொன்னாள். எனக்கு வேலை திரும்பக் கிடைத்தால் மலைமேல் வந்து முடி இறக்குவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டாளாம். அறுபத்தெட்டு வயதிலும் அம்மாவுக்கு முடி இடுப்பைத் தொடும். அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

அன்றிலிருந்து மாத்திரையை நானே வாயில் போட்டு, விழுங்கும் வரை எதிரே நின்றேன். சரி என்று விழுங்குவாள். கொஞ்ச நாளில், கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நான் திரும்பியதும் துப்பிவிடுகிறாள் என்று தெரிந்தது. அம்மாவோடு எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்? ராத்திரி அவள் புரண்டு படுத்தால்கூட எழுந்து போய் கை கால் அசைகிறதா என்று பார்ப்பேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடியும் கூட்டமுமாக ஊர் மஞ்சளாகிவிட்டது. வந்தவர்கள் எல்லோர் கையிலும் செல்போன். என் வீட்டு இன்டர்நெட்டும் செல்போன் வழியாகத்தான். சிக்னல் முழுசாகக் காட்டும், ஒன்றும் திறக்காது. எங்கள் ஊர்க்காரிக்கு இது தெரியாதா என்று நான் முன்னாடியே ஒரு பெரிய ஜவுளிக்கடையின் கோப்பை லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தேன். இரண்டு நாள் அதில் வேலை பார்த்து, கூட்டம் கலைந்த காலையில் கிளவுடில் பழையதன் மேலேயே ஏற்றினேன். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

அதே இரண்டு நாளும் சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் பெண் கிளவுடிலேயே அந்தக் கோப்பில் பதிந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் ஏற்றியதும் அவள் பதிந்தது அத்தனையும் போய்விட்டது. வரிக்கணக்கு தாக்கல் செய்ய மறுநாள் கடைசித் தேதி.

சார் கூப்பிட்டார். ஹெட்செட்டில் சார்ஜ் இல்லை. அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"என்னம்மா வேலை பாக்கற நீ? ரெண்டு பேர் வேலையை ஒரே அமுக்குல காலி பண்ணிட்டியே! சொல்லாம கொள்ளாம கோப்பை இறக்கி வெச்சுக்கச் சொன்னது யாரு? கண்ணை எங்க வெச்சிருந்த? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு முழுக் கணக்கும் வந்தாகணும். சோறு தண்ணி அப்புறம்!"

பன்னிரண்டு வருடத்தில் அவர் அந்த அளவுக்குக் கத்தியதில்லை. நான் "சாரி சார், சாரி சார்" என்று சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அம்மா கட்டிலை விட்டு எழுந்து, யார் துணையும் இல்லாமல் வாக்கரைப் பிடித்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா கத்து கத்துறாரு! ஆங், அப்ப வேல கீது. வேல இல்லாத ஆள யாராவது இப்டித் திட்டுவாங்களா?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவள் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அழுவாத பாப்பா. அந்தத் தண்ணிய எடு. மாத்திரயக் குடு" என்றாள். நான் பார்க்க, முழு மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

பத்து நிமிடத்தில் சென்னைப் பெண் போன் செய்தாள். கிளவுடில் பழைய கோப்பு அழியாமல் ஒரு ஓரத்தில் இருக்குமாம், மீட்டுவிட்டாளாம். என் இரண்டு நாள் வேலையை அதில் நான் மறுபடி பதிந்து முடித்தபோது மணி ஐந்து. அம்மா தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். அந்த ராஜினாமாக் கடிதத்தைப் பற்றி அதன்பிறகு சார் பேசவே இல்லை.

போகாத வேலைக்கு எதுக்கு மொட்டை என்று வாதாடிப் பார்த்தேன். "முருகன்கிட்ட கணக்கு பேசாத" என்றுவிட்டாள். ஒரு வியாழக்கிழமை ஆட்டோ வைத்து மலைக்கு அழைத்துப் போனேன். லீவு சொல்லியிருந்தாலும் லேப்டாப் பை தோளில்தான் இருந்தது. அவள் முடி இறக்கும் இடத்தில் உட்கார்ந்த நேரம் பார்த்து சார் கூப்பிட்டார். ஏதோ ஒரு விவரம் கேட்டார், சொன்னேன், நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கூந்தல் விழுவதைப் பார்க்காமல் தப்பித்தேன். அதற்கு அவருக்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும்.

தலையெல்லாம் சந்தனத்தோடு, கோலை ஊன்றி அம்மா வெளியே வந்தாள். குழந்தை மாதிரி இருந்தாள். என் கையிலிருந்த போனைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"சாருதான பேசுனாரு? திட்டலியா?"

"இல்லம்மா."

அவள் கை கோலை இறுக்கிப் பிடித்தது. "ஏன்? எதுனா பிரச்சனயா?"

சந்தனம் ஈரம் காயாத அந்தத் தலையைத் தொட்டுக்கொண்டு சொன்னேன்: "நாளைக்குக் காலையில திட்டறேன்னு சொல்லியிருக்காரும்மா."

"ஆங்" என்றாள் அம்மா. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள்.